மும்மைப் புள்ளியில் ஒரு திருட்டு

அத்தியாயம் 6

திருடிய பொருளைத் திருடனே கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனால், அதற்கப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக நான் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். மாமா வாயே திறக்கவில்லை. ஆழ்ந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் 'குல்லா' என்றுதான் சொல்வார்கள். சைனஸ் தொல்லை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் கம்பளிக் குல்லா கழுத்துவரை இறங்கியிருக்கும். கண்ணும் மூக்கும் வாயும் வெளியே. காது இரண்டும் உள்ளே தனிக்குடித்தனம். நாம் சொல்வதில் பாதி கேட்கும், மீதியை அவரே ஊகித்துக்கொள்வார். அந்த ஊகத்தை நம்பித்தான் எங்கள் துப்பறியும் நிறுவனம் நடக்கிறது. நான் உதவியாளர். வேலை தேடி அலுத்து வீட்டில் கிடந்த என்னை, "மாமாகூடப் போ, அவரு எங்க போறாரு வராருன்னு எனக்கும் தெரியும்" என்று அக்காதான் அனுப்பிவைத்தாள். ஆக, துப்பறிவாளருக்கு உதவுவதும் நான், துப்பறிவாளரைத் துப்பறிவதும் நான். சம்பளம் என்னவோ ஒன்றுதான்.

ஸ்கூட்டர் 'டக் டக் டக்' என்று அலறிக்கொண்டே போய் வெப்பமானிச் சோதனைக்கூடத்தின் வாசலில் நின்றது. அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்கும். ஓட்டுகிறவருக்கு மட்டும் கேட்காது.

மாடிக் கட்டடம். மேலே வானிலை அலுவலகம். கீழே சோதனைக்கூடம். ஊரிலுள்ள மருத்துவமனை, பால் நிறுவனம், குளிர்பதனக் கிடங்கு எல்லாம் தங்கள் வெப்பமானிகளை இங்கே அனுப்பித்தான் சரியா தப்பா என்று பார்த்துக்கொள்ளும். கீழே தலைமை ஓர் அம்மாள். மேலே வானிலை சொல்கிறவர் அவருடைய கொழுந்தன். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கட்டடமே அந்த அம்மாளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடும். அவரைவிட மூத்த வாட்ச்மேனுக்கும் அவர் அண்ணிதான்.

அண்ணி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அறையைத் திறந்தார்.

"நீங்க சொன்னபடி எதையும் தொடலை சார்" என்றார் மாமாவிடம். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாத்தா குடுவையைக் காணோம். உங்களுக்கு போன் பண்ணேன். தொடாதீங்கன்னீங்க. சனிக்கிழமை காலையில பாத்தா இருந்த எடத்துலயே திரும்ப இருக்கு. திரும்ப போன் பண்ணேன். தொடாதீங்க, பூட்டி வைங்க, திங்கட்கிழமை வரேன்னீங்க. மூடியைத் தூக்கி எட்டிப் பாத்ததோட சரி."

"கைரேகை" என்றார் மாமா, பெரிய ஆளாக.

எங்களிடம் கைரேகை எடுக்க ஒரு சாமானும் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாமா ஆவி பிடித்துக்கொண்டு படுத்திருந்தார் என்பதுதான் உள்விஷயம்.

அறையில் பழைய ஏசி ஒன்று ஓடியது, சத்தமே இல்லாமல். அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர்: 'எந்தச் சத்தமானாலும் நிறுத்தித் தரப்படும்.' கீழே ஒரு போன் நம்பர்.

"என் வீட்டுக்காரர்" என்றார் அண்ணி, என் பார்வையைப் பார்த்து. "ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். சத்தம் போடற எதையும் அவரால சும்மா விட முடியாது. நான் குறட்டை விடறேன்னு ஒரு தடவை டூல்ஸ் பையை எடுத்துட்டு வந்துட்டார்."

அறையின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாத்திரம், நிறையப் பொடித்த ஐஸ். அதற்குள் உச்சிவரை புதைந்திருந்தது வழக்கின் நாயகன், ஒரு கண்ணாடிக் குடுவை.

"இதுக்குப் போயி இவ்வளவு கவலையா?" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் ஐஸே உறைந்திருக்கும்.

"தண்ணி மூணு விதமா இருக்கும்மா. பனிக்கட்டி, தண்ணி, ஆவி. ஒண்ணு இன்னொண்ணை விரட்டாம, மூணும் ஒரே பாத்திரத்துல ஒத்துமையா இருக்கற நிலை ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குப் பேரு மும்மைப் புள்ளி. அப்ப சூடு ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஒண்ணு டிகிரி. இம்மி கூடாது, இம்மி குறையாது. எந்த ஊர்ல பண்ணாலும் அதேதான்."

"மாமியார், மருமக, நாத்தனார் மூணு பேரும் ஒரே அடுப்படியில சண்டையில்லாம நிக்கற மாதிரி."

"அதைவிட இது சுலபம்" என்றார் அண்ணி. "குடுவைக்குள்ள சுத்தமான தண்ணி மட்டும்தான் இருக்கு. காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, முனையை உருக்கி மூடியிருக்காங்க. நடுவுல ஒரு குழாய். அந்தக் குழாயைச் சுத்திப் பனியை வளர்த்து, எந்தத் தெர்மாமீட்டரை உள்ள விட்டாலும் அது ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஒண்ணு காட்டணும். காட்டலைன்னா தப்பு தெர்மாமீட்டர் மேலதான். இங்க குடுவை பொய் சொல்லாதுங்கறது ஒண்ணுதான் எங்க ஆஸ்தி."

அப்புறம் குரல் இறங்கியது. "நாலு மணிக்குப் பரிசோதகர் வரார். குடுவை சரியில்லைன்னா இந்தக் கூடத்தை இன்னிக்கே பூட்டிடுவாங்க. தலைமுடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து இதுக்குப் பனி வெச்சிட்டிருக்கேன் சார். எனக்கு வேற எதுவும் தெரியாது."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கிண்டலை ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவைப்பது என்று முடிவு செய்தேன். அது எனக்குப் பெரிய தியாகம்.

"எடுங்க மேடம்" என்றார் மாமா.

அண்ணி இரண்டு கையாலும் குடுவையை ஐஸிலிருந்து தூக்கினார். உச்சியில் முனை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை, உருண்டையாக, கட்டைவிரல் பதிந்த தடத்தோடு அப்பியிருந்தது. குடுவையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார்.

"கேட்டுதா?"

"என்ன கேக்கணும்?" என்றார் மாமா.

"டக்குனு ஒரு சத்தம் வரணும் சார். உள்ள காத்து இல்லாததால தண்ணி நேராப் போயி கண்ணாடியில மோதும். சுத்தியலால தட்டின மாதிரி இருக்கும். காத்து உள்ள போயிட்டா அது மெத்தை மாதிரி நடுவுல நிக்கும், டக்குனு வராது. இப்ப கேளுங்க."

மாமா தலையைச் சாய்த்தார். பயன் இல்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு இரண்டு கையையும் உயர்த்திக் குல்லாவைக் கழற்றினார்.

கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் அந்தத் தலையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காது இரண்டும் வெயிலே படாமல் வெள்ளை வெளேரென்று, நேற்றுக் கடையில் வாங்கியவைபோல இருந்தன.

அண்ணி மறுபடி சாய்த்தார். 'களக்' என்றது குடுவை. பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கூட அப்படித்தான் சொல்லும்.

"யாரோ முனையை உடைச்சுட்டாங்க" என்றார் அண்ணி. "உடைச்சுட்டுப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. போச்சு." அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது. "யாரு சார் இதைப் பண்ணியிருப்பா? எனக்கு யாரு எதிரி?"

"மாமா, எதிரின்னா உடைச்சுட்டுப் போயிடுவானே. எதுக்கு ஒட்டணும்?" என்றேன்.

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நீ இவ்வளவு தெளிவாப் பேசுவியா?"

"தினமும் பேசறேன் மாமா. நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "பூட்டினதுக்கு அப்புறம் இந்த ரூமுக்குள்ள வரணும்னு யாராவது கேட்டாங்களா மேடம்?"

"யாரும் இல்ல. எங்க கொழுந்தன் மட்டும் காலையிலேர்ந்து சாவி கேட்டு வந்துட்டே இருக்கார். அவரோட பென்சில் இங்க விழுந்துடுச்சாம்."

நானும் மாமாவும் தரையைப் பார்த்தோம். மேஜைக்கு அடியில் பார்த்தோம். பென்சில் இல்லை. கண்ணாடித் துணுக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணி வைத்திருந்த சுத்தம் அப்படி.

"மேல போயி பென்சிலைப் பாத்துட்டு வரோம்" என்றார் மாமா.

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. 'பார்வைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப்பார்க்க வந்தால் காட்டுவதற்காம். உடைந்த தராசு, முள் போன கடிகாரம், எல்லாவற்றின் மேலும் விரல்கனத்துக்குத் தூசி. நடுத்தட்டில் மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று இருந்தது.

"பாருங்க மாமா, சுத்தம் பண்ண வந்தவங்க ஒரு தட்டு அளவுக்குத் துடைச்சுட்டுக் களைச்சுப்போயிட்டாங்க" என்றேன்.

மாமா அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை விரித்து அளந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் படியேறினார். சொல்லாமல் இருந்தால் ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அல்லது தும்மல் வருகிறது என்று அர்த்தம். இந்தத் தடவை இரண்டும்.

மேலே இருந்த வானிலைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'குடை'. ஒரு மாதமாகத் தினமும் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்பிக் குடை எடுத்துப் போனவர்கள் எல்லோரும் அதை வெயிலுக்குத்தான் பிடித்தார்கள். மனிதர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

"கிடைச்சுடுச்சு போல" என்றார் மாமா.

"எது?"

"பென்சில்."

குடை காதைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இது... இதோட அண்ணன். தம்பியைத்தான் தேடிட்டிருக்கேன்."

பொய் சொல்லத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிடும். மாமா அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தைக் காட்டி, "இது என்ன கோலம்?" என்றார்.

தன் வேலையைப் பற்றிக் கேட்டதும் குடைக்கு உயிர் வந்தது. "நீலக்கோடு குளிர்காத்தோட முகப்பு சார். சிவப்பு வெப்பக்காத்தோட முகப்பு. குளிர்காத்து வேகமா வந்து வெப்பக்காத்தை எட்டிப் பிடிச்சு, அதைத் தரையிலேர்ந்து மேல தூக்கிடுச்சுன்னா அதுக்கு இந்த ஊதாக்கோடு. மூணு கோடும் சந்திக்குது பாருங்க, இந்தப் புள்ளி. எங்க பாஷையில இதுவும் மும்மைப் புள்ளிதான். இங்க புதுசா ஒரு காத்தழுத்தத் தாழ்வு பொறந்து, காத்தும் மழையுமா அடிக்க வாய்ப்பு அதிகம். இப்ப இது கரைக்குப் பக்கத்துல இருக்கு. இன்னிக்கு நிஜமாவே மழை வரும். யாரும் நம்பத்தான் மாட்டேங்கறாங்க."

"கீழ மூணும் சேந்தா சமாதானம். மேல மூணும் சேந்தா அடிதடி" என்றேன்.

"யாரு யாரு சேர்றாங்கங்கறதைப் பொறுத்தது" என்றார் குடை, அனுபவசாலியாக.

சுவரில் ஒரு காற்றழுத்தமானி மாட்டியிருந்தது. முள் 'தெளிவான வானம்' என்ற எழுத்தின் மேல் அசையாமல் நின்றது. மாமா அதைத் தட்டினார். அசையவில்லை. அதன் கண்ணாடி ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசை, நடுநடுவே கட்டைவிரல் தடம்.

"இதை யாரு ரிப்பேர் பண்ணாங்க?"

"கம்பெனிக்காரங்க" என்றார் குடை.

நான் அந்தப் பசையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று மேஜையைச் சுற்றினேன். கால் வழுக்கியது. மேஜைக்கு அடியில் தரை முழுக்க ஈரம். ஒரு மாதமாக அவர் சொன்னதில் பலித்த இடம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் முழங்கால் போய் ஒரு பெட்டியை இடித்தது. குடை கால் வைத்துக்கொள்ளும் மணைபோல மேஜைக்கு அடியில் இருந்த ஐஸ் பெட்டி.

பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

மாமா வாயைத் திறந்து ஒரு தும்மலின் நடுவில் இருந்தார். அப்படியே நின்றார். அந்தத் தும்மல் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

"பெட்டியில என்ன?"

"சாப்பாடு சார்."

"சாப்பாடு டக்குனு சொல்லுதே."

"கொஞ்சம் கெட்டியாயிடுச்சு."

மாமா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். ஏசி ஸ்டிக்கரில் பார்த்த நம்பர் என்று எனக்குப் புரிந்தது. "சோதனைக்கூடத்து வாசல்ல என் ஸ்கூட்டர் நிக்குது. டக் டக்னு ஒரே சத்தம். வந்து பாக்க முடியுமா?" என்றார்.

"எங்க அண்ணனை எதுக்கு சார் கூப்பிடறீங்க? அவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று குடை பதறினார்.

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. பெட்டியை எடுத்துக்கிட்டு கீழ வாங்க. சாப்பாடு சிந்தாம."

நாங்கள் படியிறங்கி முடிப்பதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். சத்தம் என்றால் அவ்வளவு ஆசை. கையில் டூல்ஸ் பை, முகத்தில் டாக்டருக்கு உரிய கவலை. மாமா அவரை நேராக அண்ணியின் அறைக்குக் கூட்டிப்போனார். குடை பெட்டியோடு கதவோரம் நின்றார். அண்ணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா பசை அப்பிய குடுவையைக் காட்டினார். "இது உங்க கைவேலைதானே?"

மெக்கானிக் மறுப்பார், நாங்கள் மடக்குவோம் என்று நான் தயாராக இருந்தேன். மனிதர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? நானே நாலு மணிக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். எப்படி இருக்கு?"

"நீங்களா?" என்றார் அண்ணி.

"நான்தான். போன வாரம் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தப்ப நீ இதைச் சாய்ச்சுப் பாத்துட்டிருந்தியே, உள்ள டக்குனு தட்டுச்சு. எனக்கு அப்பவே மனசு கேக்கலை. மூடின சாமானுக்குள்ள தட்டற சத்தம் வந்தா என்ன அர்த்தம்? காஸ் போயிடுச்சுன்னு அர்த்தம். எந்த ஃப்ரிட்ஜை வேணா கேட்டுப் பாரு. பரிசோதகர் வர்ற நேரத்துல இது தட்டினா உன் மானம் போயிடுமே. அதான் வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுத்துட்டுப் போயி, ராத்திரியே காஸ் அடிச்சு, ஓட்டையை அடைச்சு, காலையில வெச்சுட்டேன். இப்ப சத்தம் வருதா பாரு. வராது."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள ஒண்ணும் இல்லாம இருக்கறதுக்குத்தாங்க அதுக்கு மதிப்பே" என்றார். "காத்து இல்லாததாலதான் அது தட்டும். தட்டினாத்தான் அது நல்லா இருக்குன்னு அர்த்தம். அதோட முனையை உடைச்சுட்டீங்களே."

மெக்கானிக்கின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "நான் உடைக்கலை" என்றார். "கையில எடுக்கும்போதே முனை உடைஞ்சு, அதுல ஒரு ரப்பர் அடைப்பான்தான் இருந்துச்சு. சாய்ச்சுப் பாத்தேன், டக்குனுகூட வரலை. பேச்சு மூச்சே இல்ல. நோய் முத்திப்போச்சுன்னு நெனச்சேன்."

"ஏன்னா அது உங்க மனைவியோட குடுவையே இல்ல" என்றார் மாமா.

இந்த இடத்தில் மாமா ஒரு நிமிடம் நிறுத்துவார், எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். இன்றும் நிறுத்தினார். எல்லோரும் பார்த்தோம். தும்மினார்.

"மாடிப்படி அலமாரியில தூசிக்கு நடுவுல ஒரு வட்டம் மட்டும் சுத்தமா இருக்கு. அங்க இருந்த பொருள் எங்க மேடம்?"

அண்ணி நிமிர்ந்தார். "இதோட ஜோடி சார் அது. வாங்கின புதுசுலயே முனை உடைஞ்சு காத்து புகுந்துடுச்சு. ரப்பரால அடைச்சு, பிள்ளைங்களுக்குக் காட்ட வெச்சிருந்தோம். அப்ப இது... அந்தச் சொத்தைக் குடுவையா? அப்ப என்னோடது?"

"உங்க கொழுந்தன்கிட்ட கொஞ்சம் கெட்டியான சாப்பாடு இருக்கு" என்றேன்.

குடை பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஐஸுக்குள் பத்திரமாக, துணி சுற்றி, உருக்கி மூடிய முனை பளபளக்க, அண்ணியின் குடுவை படுத்திருந்தது. நடுக்குழாயைச் சுற்றிப் பனி வளையம் கலையாமல் இருந்தது. அண்ணி அதை எடுத்துச் சாய்த்தார்.

'டக்.'

"பாத்தியா, அந்த நோய் இன்னும் இருக்கு" என்று மெக்கானிக் டூல்ஸ் பையைத் திறந்தார். நானும் மாமாவும் குடையும் மூன்று பக்கமும் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டோம்.

"இதுக்குத்தான் அண்ணி" என்றார் குடை, அண்ணனின் இடது கையை விடாமல். "வெள்ளிக்கிழமை மத்தியானம் என்கிட்ட வந்து, உன் அண்ணியோட சாமானை ரிப்பேர் பண்ணப்போறேன்னான். வேணாம்னு சொன்னா கேக்கற ஆளா? அதான் நீங்க சாப்பிடப் போன நேரத்துல நல்லதை மேல கொண்டுபோயிட்டு, சொத்தையை இங்க வெச்சேன். சனிக்கிழமையே மாத்தி வெச்சிருப்பேன். அதுக்குள்ள இந்த சார் பூட்டி வைங்கன்னுட்டார். நீங்க சாவியை இடுப்புல செருகிட்டீங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். ஆக, ஒரு சனிக்கிழமையில் தானாகத் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கைத் திங்கட்கிழமைவரை பூட்டிவைத்தது எங்கள் நிறுவனம்தான். மாமா குல்லாவை மாட்டிக்கொள்ளப் போனார். "கேட்டுட்டுப் போடுங்க மாமா" என்றேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணி.

"சொன்னா அண்ணன் பேரு வரும். கூடவே பாரோமீட்டர் கதையும் வரும். முள்ளு சும்மா சும்மா ஆடுதுன்னு போன மாசம் அதையும் ரிப்பேர் பண்ணிட்டான். அன்னிலேர்ந்து அசையவே இல்ல. எதுக்கு வம்புன்னு நான் தினமும் மழைன்னு சொல்லிட்டிருக்கேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், அவன் மனசு நோகக்கூடாதுன்னுதான்."

மெக்கானிக்கை நாங்கள் பிடித்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கைகள் தொங்கிவிட்டன. "எல்லாருக்கும் என்னால கெடுதல்தானா?" என்றார். "விடியறதுக்குள்ள எழுந்து இதுக்குப் பனி வைக்க ஓடறா. வீட்டுக்கு வந்தா இதைப் பத்தியே நெனைக்கறா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒரு தடவையாவது இவ வேலைக்கு நான் பிரயோஜனமா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். தப்புதான்."

அண்ணியின் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். குடுவை போய்விட்டது என்று நினைத்தபோது வராத கண்ணீர்.

"இங்க வாங்க" என்றார். "பையைக் கீழ வெச்சுட்டு வாங்க."

குடுவையை அவர் கையில் கொடுத்து, தன் கையை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சாய்த்தார். 'டக்' என்றது. மெக்கானிக் உடம்பு துடித்தது. சரிசெய்துவிட வேண்டும் என்று அந்த விரல்கள் என்ன பாடு பட்டிருக்கும்.

"சொல்லாதது என் தப்பு. இது நோய் இல்லைங்க. இது நல்லா இருக்கேன்னு சொல்ற சத்தம்."

"இன்னொரு தடவை" என்றார் அவர், சின்னக் குரலில்.

நாலு மணிக்குப் பரிசோதகர் வந்தார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத, உதட்டில் ஒரு சிரிப்புப் படியாத மனிதர். கூட்டம் வேண்டாம் என்றதும் அண்ணி தன் புருஷனை வெளியே அனுப்பினார். குடை மேலே ஓடினார். நாங்கள் அறையின் கதவோரம் நின்றோம். பரிசோதகர் முதலில் குடுவையை எடுத்துக் காதருகே சாய்த்தார். 'டக்.' பிறகு தன் வெப்பமானியைக் குழாய்க்குள் இறக்கினார். காத்திருந்தார். அண்ணி தன் சேலை முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார். யார் வீட்டுக் குடுவையோ, எனக்கென்ன வந்தது என்று இருக்க முடியவில்லை.

"ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஒண்ணு" என்றார் பரிசோதகர். "அருமையா வெச்சிருக்கீங்கம்மா. இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் நடத்துங்க."

அண்ணி தலையாட்டினார்.

பரிசோதகர் வாசலுக்கு வந்தபோது குடை மூச்சிரைக்க இறங்கி வந்து ஒரு குடையை நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க சார், மழை வரும்." பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது?" என்று சொல்லிவிட்டுக் குடையை வாங்காமல் போனார். தெருமுனை திரும்புவதற்குள் வானம் இருண்டு, காற்று சுழற்றி, கொட்டத் தொடங்கியது. குடை மழையில் இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். தெருவே ஒதுங்க இடம் தேடி ஓட, அவர் மட்டும் ஆனந்தமாக நனைந்தார்.

"கிளம்பலாம்" என்றார் மாமா. குல்லா மறுபடி தலைக்கு வந்திருந்தது. ஸ்கூட்டரை உதைத்தார். மறுபடி உதைத்தார். இன்னும் பலமாக உதைத்தார்.

ஒரு 'டக்' கூட இல்லை.

வாசலோரக் கொட்டகைக்கு அடியிலிருந்து மெக்கானிக் கை துடைத்துக்கொண்டே வந்தார். "சும்மா நின்னுட்டிருந்தேனா, முடிச்சுட்டேன் சார். கூப்பிட்டீங்களே. இனிமே சத்தமே வராது."

அண்ணி அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். அதன் வயிற்றில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பசையைப் பார்த்தார். அன்று முழுவதும் சிரிக்காத அந்த அம்மாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார் புருஷனிடம். "வழியில எதையும் தொடாதீங்க."

மெக்கானிக் நல்ல பிள்ளையாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணி அதில் ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரே குடையில் இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

நானும் மாமாவும் ஸ்கூட்டரைத் தள்ளினோம். மழை அடித்துக்கொண்டிருந்தது. "இந்த வழக்குல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன் மாமா" என்று ஆரம்பித்தேன். நனைந்த குல்லாவுக்குள் அவருக்குக் கேட்கவில்லை. வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.